வெள்ளீயத்துக்கு மீசை முளைத்த கதை

1998 மே 19, செவ்வாய்க்கிழமை மாலை. அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேருடைய இடுப்பில் இருந்த பேஜர்கள் ஒரே நேரத்தில் ஊமையாகிப் போயின.

பேஜரா, அது என்ன என்று இன்றைய இருபது வயதுக்காரர்கள் கேட்கக்கூடும். செல்போன் பரவுவதற்கு முன்னால் ‘இந்த நம்பரைக் கூப்பிடு’ என்று மட்டும் சொல்லத் தெரிந்த குட்டிப் பெட்டி. டாக்டர்களுக்கு அதுதான் எல்லாம். ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கு மூச்சுத் திணறினால் நர்ஸ் பேஜரில்தான் கூப்பிட வேண்டும். நாட்டில் இருந்த பேஜர்களில் சுமார் 80 சதவிகிதம் அன்றைக்குப் போச்சு. சில பெட்ரோல் பங்குகளில் கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. வானொலி நிகழ்ச்சிகள் நிலையங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

பழுது பூமியில் இல்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கேலக்ஸி-4 என்கிற செயற்கைக்கோளில். அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் செத்துவிட்டது. மாற்று ஏற்பாடாக இன்னொன்று வைத்திருந்தார்கள். அது ஏற்கெனவே கெட்டுப் போயிருந்தது. பூமியைப் பார்த்தபடி இருக்க வேண்டிய செயற்கைக்கோள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

விசாரித்தார்கள். பிரதானக் கம்ப்யூட்டரைக் கொன்றவன் யார்? வெடிப்பல்ல, விண்கல் அல்ல. ஒரு மீசை முடி.

உண்மையிலேயே மீசைதான். ஆங்கிலத்திலும் அதற்கு மீசை என்றுதான் பெயர். சுத்தமான வெள்ளீயம் பூசிய பரப்பில் இருந்து தானாகவே முளைக்கிற உலோக இழை. தடிமன் நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சில மில்லிமீட்டர் நீளம் வளரும். பக்கத்தில் இருக்கிற இன்னொரு கம்பியைத் தொட்டுவிட்டால் ஷார்ட் சர்க்யூட். காற்றில்லாத விண்வெளியில் இன்னும் மோசம். இழை ஆவியாகி, அந்த ஆவியின் வழியாகவே நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாய்ந்துவிடும்.

விசேஷம் என்னவென்றால், இதற்கு மருந்து பல வருடங்களுக்கு முன்பே தெரியும். அதில் கொஞ்சம் காரீயம் கலந்துவிட்டால் போதும், மீசை அனேகமாக முளைக்காது. ஆனால் அந்த மருந்து ஒரு விஷம். ஆகவே, கேலக்ஸி-4 செத்த எட்டே வருடத்தில், உலகத்தின் பாதி எலெக்ட்ரானிக்ஸ் தொழில் தெரிந்தே அந்த மருந்தைத் தூக்கிக் குப்பையில் போட்டது.

ஏன்? அதுதான் கதை.

* * *

கதை புரிய வேண்டுமென்றால் ஒரு நிமிடம் சமையலறைக்குள் போய்வர வேண்டும். ஈயச்சொம்பில் ரசம் வைக்கிற வீடுகளில் புது மருமகளுக்குச் சொல்லப்படுகிற முதல் எச்சரிக்கை ஒன்று உண்டு. ‘வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிடாதே.’ தண்ணீர் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வற்றிவிட்டால் சூடு விறுவிறுவென்று ஏறும். 232 டிகிரி வந்ததும் சொம்பு உருகி அடுப்பில் ஓடிவிடும்.

அந்தச் சொம்பு வெள்ளீயம். காரீயம் வேறு ஜாதி. கறுப்பாக, கனமாக இருக்கும், 327 டிகிரியில் உருகும், உடம்புக்குள் போனால் விஷம். இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர் வைத்து, நிறத்தைச் சொல்லிப் பிரித்தார்கள் நம்மவர்கள். ரோமானியர்களும் அப்படியேதான். அவர்களும் கறுப்பு ஈயம், வெள்ளை ஈயம் என்றுதான் சொன்னார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்து உருக்கினால் ஓர் அதிசயம் நடக்கிறது. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டும் தனித்தனியாக உருகுகிற சூட்டைவிடக் குறைவு. இரண்டு பிடிவாதக்காரர்கள் கல்யாணம் செய்துகொண்டதும் இருவருமே இளகிப்போவதுபோல.

இன்னொரு சௌகரியமும் இதில் உண்டு. மற்ற விகிதங்களில் கலந்தால் ஆறும்போது கொஞ்ச நேரம் களி மாதிரிக் குழைந்து நிற்கும். அந்த நேரத்தில் கை அசைந்தால் ஒட்டு கெட்டது. 63-க்கு 37-ல் அந்தக் களிப் பருவமே கிடையாது. திரவம், அடுத்த கணம் திடம். ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய சால்டர் இதுதான், அல்லது இதற்குக் கிட்டத்தட்ட. விலை மலிவு, செம்பில் நன்றாகப் பரவும், மீசையும் முளைக்காது.

பரவ வேண்டுமென்றால் பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் ஃப்ளக்ஸ். ‘ஈயம் பூசறது’ என்று ஒரு காலத்தில் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு வந்தவர், பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவித் தேய்ப்பாரே, அதே வேலை. எலெக்ட்ரானிக்ஸில் நவச்சாரம் கூடாது, அரித்துவிடும். அங்கே பைன் மரத்துப் பிசின்.

* * *

இந்தச் சால்டருக்கு ஆரம்பத்தில் சுலபமான வேலைதான். ரெசிஸ்டர், கெப்பாசிடர் எல்லாவற்றுக்கும் கம்பிக் கால் இருக்கும். போர்டில் ஓட்டை போட்டுக் காலை நுழைத்து, அடியில் மடக்கி, ஒரு பொட்டு சால்டர். ஒட்டு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கால் தாங்கிக்கொள்ளும்.

1960-களில் ஐ.பி.எம். நிறுவனம் இந்தக் காலையே வெட்டியது. ஓட்டை வேண்டாம், பாகத்தை போர்டின் மேற்பரப்பில் வைத்து அப்படியே ஒட்டிவிடலாம். சாட்டர்ன் ராக்கெட்டை வழிநடத்திய கம்ப்யூட்டரில் இந்த முறை பயன்பட்டது. நிலவுக்கு மனிதனைக் கொண்டுபோன ராக்கெட் அது. 1980-களில் இது எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் வந்தது. அதற்கப்புறம் பாகங்கள் சிறுக்க ஆரம்பித்தன. 1.6 மில்லிமீட்டருக்கு 0.8 இருந்தது, 1-க்கு 0.5 ஆனது. கசகசா அளவு. பிறகு 0.6-க்கு 0.3. பிறகு 0.4-க்கு 0.2. ரவையைவிடச் சின்னது. தும்மினால் காணாமல் போய்விடும்.

இதை யார் கையால் பற்றவைப்பது? முறையே மாறியது. சால்டரை மாவுபோலப் பொடித்து, ஃப்ளக்ஸில் குழைத்துப் பசையாக்கினார்கள். ஒவ்வொரு பொடியும் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு விட்டமுள்ள உருண்டை. வீட்டு வாசலில் ஓட்டை போட்ட தகட்டை வைத்து மாவைத் தேய்த்தால் கோலம் விழுகிறதல்லவா? அதேபோல் எஃகுத் தகடு ஒன்றை போர்டின்மேல் வைத்துப் பசையைத் தேய்ப்பார்கள். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பசை விழும். மெஷின் ஒவ்வொரு பாகமாக எடுத்து அதன்மேல் வைக்கும். பிறகு போர்டு மொத்தமும் அடுப்புக்குள் ஊர்ந்து போய்வரும். சில நிமிடங்கள்தான்.

அடுப்புக்குள் நடப்பதுதான் வித்தை. மெதுவாகச் சூடேற்ற வேண்டும். சட்டென்று ஏற்றினால் பசை தெறிக்கும், பீங்கான் பாகங்கள் விரியும். எல்லாப் பாகமும் சமமாகச் சூடானபிறகு உருகுநிலையைத் தாண்டி ஓர் உச்சத்துக்குக் கொண்டுபோய், அரை நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் நிறுத்தி, இறக்க வேண்டும். உருகிய சால்டர் இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் கோணலாக இருந்த பாகம்கூடத் தானாக நேராகிவிடும். ஒரு பக்கம் முதலில் உருகிவிட்டால்? அந்தப் பக்கம் மட்டும் இழுக்கும். பாகம் எழுந்து நட்டுக்குத்தலாக நின்றுவிடும், நடுகல்போல. கல்லறைக் கல் என்றே தொழிற்சாலைகளில் அதற்குப் பெயர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. காலை வெட்டிய நாள் முதல், பாகத்தைப் பிடித்து வைத்திருப்பது சால்டர் மட்டுமே. மின்சாரம் கடத்துகிற வேலையோடு தூண் வேலையும் அதன் தலையில் விழுந்தது. போர்டு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். பாகம் வேறு அளவில் விரியும். இந்த இழுபறி அத்தனையையும் வாங்கிக்கொள்வது நடுவில் இருக்கும் அந்தத் துளிதான். காரீயம் மிருதுவானது. வளைந்துகொடுத்துப் போகும். கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி.

அந்த மருமகளைத்தான் வீட்டைவிட்டு அனுப்பினார்கள்.

* * *

அனுப்பியது நியாயமில்லை என்று சொல்ல முடியாது. காரீயத்தின் குற்றப் பத்திரிகை நீளமானது.

1845-ல் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் 129 பேர் இரண்டு கப்பல்களில் கனடாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் வழி தேடிப் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. 1980-களில் ஓவன் பீட்டி என்கிற கனடா நாட்டு ஆய்வாளர், பனியில் புதைந்திருந்த மூன்று மாலுமிகளின் உடல்களைத் தோண்டிப் பார்த்தார். உடம்பில் ஏகப்பட்ட காரீயம். அவர்கள் கொண்டுபோன டின் உணவுகளின் மூட்டில் பூசப்பட்ட சால்டர் மேல் சந்தேகம் விழுந்தது. அந்தக் காலத்து மனிதர்கள் எல்லார் உடம்பிலுமே காரீயம் அதிகம்தான், இவர்களைக் கொன்றது அது மட்டுமாக இருக்காது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்லின. அது வேறு விஷயம். டின் மூட்டில் காரீயம் கூடாது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனாலும் அமெரிக்கா உணவு டின்களில் அதைச் சட்டப்படி தடை செய்தது எப்போது தெரியுமா? 1995-ல். குடிநீர்க் குழாய் மூட்டுகளில் தடை 1986-ல். இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000-ல்.

பெயின்ட், பெட்ரோல், குழாய், டின் என்று ஒவ்வொன்றாக வெளியேற்றப்பட்டபின் மிச்சம் இருந்தவற்றில் ஒன்று எலெக்ட்ரானிக்ஸ். பழைய கம்ப்யூட்டரை யாரும் பூஜை அறையில் வைப்பதில்லை. அது குப்பைக்குப் போகிறது. அந்தக் குப்பை கப்பலேறி ஏழைகள் வாழும் ஊர்களுக்குப் போகிறது.

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் குய்யு என்று ஓர் ஊர். அங்கே வீட்டு வாசலில் கரி அடுப்பு மூட்டி, போர்டுகளைச் சுட்டு, சால்டரை உருக்கி, சிப்புகளைப் பிடுங்கி எடுத்தார்கள். பக்கத்திலேயே குழந்தைகள் விளையாடின. அந்த ஊர்க் குழந்தைகள் 165 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. ஆபத்து என்று அப்போது கருதப்பட்ட எல்லை, டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் காரீயம். பத்தில் எட்டுக் குழந்தைகள் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தன. காரீயம் குழந்தையின் மூளையைத்தான் முதலில் தாக்கும். போன அறிவு திரும்பி வராது.

இந்தப் பக்கம் ஐரோப்பாவில் இன்னொரு சம்பவம். 2001 டிசம்பர், கிறிஸ்துமஸ் சீசன். சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டிகள் 13 லட்சத்தை நெதர்லாந்து அதிகாரிகள் அப்படியே நிறுத்தி வைத்தார்கள். காரணம் காரீயம் அல்ல. ஒயரில் காட்மியம், அனுமதித்த அளவைவிட அதிகம். ஆனால் உலகத்து உற்பத்தியாளர்களுக்கெல்லாம் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பார்கள். இருந்தால் விற்க விடமாட்டார்கள்.

2003-ல் ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டது. ஆங்கிலச் சுருக்கத்தை ‘ரோஸ்’ என்று உச்சரிப்பவர்கள் உண்டு. உற்பத்தியாளர்களுக்கு அதில் தெரிந்தது முள் மட்டும்தான். ஆறு பொருள்களுக்குத் தடை. அதில் ஒன்று காரீயம். எடையில் 0.1 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 37 சதவிகிதம் இருந்த இடத்தில் 0.1. கெடு, 2006 ஜூலை 1.

* * *

மாற்று தேடும் வேலை சட்டத்துக்கு முன்பே ஆரம்பித்திருந்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஐவர் ஆண்டர்சனும் அவருடைய சகாக்களும் வெள்ளீயம், வெள்ளி, செம்பு மூன்றையும் கலந்து 1996-ல் காப்புரிமை வாங்கினார்கள். ஜப்பானியர்கள் காத்திருக்கவில்லை. 1998-லேயே பானசோனிக், காரீயம் இல்லாத சால்டரோடு ஒரு மினிடிஸ்க் பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

பல கலவைகள் போட்டியிட்டன. துத்தநாகம் கலந்தால் துருப்பிடித்தது. இண்டியம் கலந்தால் விலை எகிறியது. பிஸ்மத் அருமையான ஆள். 58 பங்கு பிஸ்மத், 42 பங்கு வெள்ளீயம் கலந்தால் 138 டிகிரியிலேயே உருகும். ஆனால் அதில் ஒரு கண்ணி இருந்தது. பழைய ஸ்டாக் பாகங்களின் காலில் காரீயப் பூச்சு இருந்து, அது இந்தப் பிஸ்மத்தோடு கலந்துவிட்டால், 96 டிகிரியிலேயே இளகக்கூடிய மூன்றாவது கலவை ஒன்று உள்ளே உண்டாகிவிடும். அதாவது, கொதிக்கிற வெந்நீரைவிடக் குறைந்த சூட்டில் ஒட்டு விட்டுப்போகலாம். ஆளை விடு என்று ஓரம்கட்டினார்கள்.

கடைசியில் ஜெயித்தது வெள்ளிக் கலவை. வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5. உருகுவது 217-ல் இருந்து 220 டிகிரிக்குள். பழைய 183-ஐவிட 34 டிகிரி அதிகம். முப்பத்து நாலுதானே என்று தோன்றும். அங்கேதான் எல்லாப் பிரச்னையும் ஆரம்பித்தது.

உருகுநிலைக்கு மேல் இன்னும் இருபது முப்பது டிகிரி கொடுத்தால்தான் சால்டர் நன்றாகப் பரவும். ஆக, அடுப்பின் உச்சம் 245 டிகிரியை நெருங்கியது. பாகங்களின் பிளாஸ்டிக் தாங்குவதோ 250, அல்லது மிஞ்சிப்போனால் 260. முன்பு தாராளமாக இருந்த இடைவெளி ஓர் இடுக்காகிவிட்டது. கொஞ்சம் குறைந்தால் ஒட்டு பிடிக்காது, கொஞ்சம் கூடினால் சிப் போச்சு. சிப்பின் பிளாஸ்டிக் உடம்புக்குள் ஈரம் இருந்தால் அது ஆவியாகி உள்ளிருந்தே வெடிக்கும். பாப்கார்ன் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதனால்தான் சிப்புகள் இன்று மாத்திரை பாட்டிலில் இருப்பதுபோல ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, காற்றுப் புகாத உறையில் வருகின்றன. உருக்கி வைக்கும் எஃகுத் தொட்டிகளையே புதுச் சால்டர் அரித்துத் தின்றது. சால்டரிங் அயர்னின் முனை சீக்கிரம் தேய்ந்தது. அத்தோடு வெள்ளி என்ன, சும்மா கிடைக்கிற சரக்கா?

எல்லாவற்றையும்விட முக்கியம், புதுச் சால்டர் கெட்டியானது. வளைந்துகொடுக்காது. கீழே விழுந்தால் அதிர்ச்சியில் விரிசல் விடக்கூடியது. போதாக்குறைக்கு, பாகங்களின் கால் பூச்சில் இருந்தும் காரீயத்தை எடுத்துவிட்டதால் அங்கே சுத்த வெள்ளீயம் வந்து உட்கார்ந்தது. மீசை முளைக்கத் தோதான நிலம்.

மீசை ஒன்றும் புதிய எதிரி அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்தபிறகு, டெலிபோன் கருவிகளில் மர்மமான பழுதுகளைத் துரத்திக்கொண்டு போன பெல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் இந்தச் சங்கதியைக் கண்டுபிடித்தார்கள். காரீயம் கலந்தால் மீசை அடங்கும் என்று 1950-களின் இறுதியில் எழுதியும் வைத்துவிட்டார்கள். அதற்குப்பிறகு ஒரு தலைமுறை இன்ஜினியர்கள் மீசையைப் பற்றிக் கேள்விப்படாமலேயே ரிட்டயர் ஆனார்கள். நோய் இல்லாததால் மருந்தின் பெயரை மறந்துபோனார்கள்.

ஞாபகப்படுத்தியது கேலக்ஸி-4. அப்புறம் 2005 ஏப்ரலில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மில்ஸ்டோன் அணுமின் நிலையம். நீராவி அழுத்தம் குறைந்துவிட்டது என்று ஒரு பொய்யான எச்சரிக்கை வந்து, உலை தானாக நின்றது. திறந்து பார்த்தால் ஒரு சர்க்யூட் கார்டில் மீசை.

தடை அமலுக்கு வர அப்போது பாக்கி இருந்தது பதினான்கு மாதம்.

* * *

முதல் பெரிய அடி விளையாட்டுப் பெட்டிக்கு. 2005 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360, காரீயம் இல்லாத காலத்துக்காகவே செய்யப்பட்டது. கொஞ்ச மாதத்தில் முன்பக்கத்தில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி செத்துப்போவதாகப் புகார்கள் குவிந்தன. பிள்ளைகள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். பெட்டியைத் துண்டால் சுற்றி ஓடவிடுவது. உள்ளே சூடு ஏறி, சிலசமயம் பெட்டி உயிர் பிழைக்கும். கொஞ்ச நாளில் மறுபடி சாகும்.

2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரன்டியை மூன்று வருடமாக நீட்டித்து, அதற்கென்று நூறு கோடி டாலருக்கு மேல் கணக்கில் எழுதியது. எல்லோரும் புதுச் சால்டரைத்தான் கைகாட்டினார்கள். 2021-ல் நிறுவனமே வெளியிட்ட ஆவணப்படத்தில் விவரம் சொன்னார்கள். உடைந்தது போர்டின் மேலிருந்த ஒட்டு அல்ல, சிப்புக்கு உள்ளே இருந்த நுண்ணிய இணைப்புகள். ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி ஆடும்போது ஏறி இறங்கிய சூடு அவற்றை முறித்திருந்தது. ஆக, பழியை மொத்தமாகக் காரீயத் தடையின் தலையில் போட முடியாது. ஆனால் பாடம் ஒன்றுதான். வளைந்துகொடுக்காத துளியின் மேல் ஒரு கட்டடத்தை நிறுத்தினால், சூட்டைப் பற்றி முன்பைவிடப் பத்து மடங்கு யோசிக்க வேண்டும்.

இப்போது சட்டத்தின் இன்னொரு பக்கத்தைப் பார்க்கலாம். விதிவிலக்குகளின் பட்டியல். ராணுவத்துக்கு விலக்கு. விண்வெளிக்கு விலக்கு. மருத்துவக் கருவிகளுக்குத் தடை 2014 ஜூலையில்தான் வந்தது. விமானங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. விண்வெளிக் கருவிகளில் பூச்சில் குறைந்தது 3 சதவிகிதம் காரீயம் இருந்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்கர்கள் வைத்திருக்கும் விதி. பழைய டிவி பிக்சர் ட்யூப் கண்ணாடியில் கிலோ கணக்கில் காரீயம் இருந்தது. அதற்கும் விலக்கு. உலகத்தில் உபயோகமாகும் காரீயத்தில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் விழுங்குவது பேட்டரிகள். அவை இந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் சால்டரின் பங்கு மிக மிகச் சிறியது.

ஆக, உயிர் போகிற இடத்தில் புதுச் சால்டரை நம்ப சட்டம் போட்டவர்களே தயாராக இல்லை. பையன் விளையாடுகிற பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள்.

இதைக் கேலி செய்வது சுலபம். நான் படித்தது வணிகவியல். அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, ஒரு பக்கம் பற்று எழுதினால் எங்கேயோ வரவு எழுதியாக வேண்டும். 2005-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, சால்டர்களைப் பிறப்பு முதல் குப்பை வரை எடைபோட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. விஷம் என்று பார்த்தால் காரீயம் கலந்ததுதான் மோசம். ஆனால் வெள்ளிக் கலவைக்கு அடுப்பில் மின்சாரம் அதிகம் செலவாகிறது. வெள்ளியைத் தோண்டி எடுக்கிற இடத்தில் வேறு நாசம். கணக்கு எந்தப் பக்கமும் சுத்தமாக இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம். எக்ஸ்பாக்ஸ் செத்தால் நஷ்ட ஈடு உண்டு. மூன்று வருட வாரன்டி உண்டு. குய்யு குழந்தைக்கு வாரன்டி கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காக, தடை சரிதான் என்பது என் கட்சி.

* * *

பிறகு நடந்தது சுவாரசியம். நிர்ப்பந்தம் வந்ததும் தொழில் கற்றுக்கொண்டது. வெள்ளீயப் பூச்சுக்குக் கீழே நிக்கல் பூசி மீசையைக் குறைத்தார்கள். அடுப்புகளைப் பத்துப் பன்னிரண்டு தனித்தனி அறைகளாகப் பிரித்துச் சூட்டைப் படிப்படியாக ஏற்றினார்கள். சிப்புக்கு அடியில் பசை ஊற்றிச் சால்டரின் சுமையைப் பகிர்ந்தார்கள். இந்தியாவிலும் 2011-ல் அறிவிக்கப்பட்ட மின்னணுக் கழிவு விதிகளின்படி இதே 0.1 சதவிகிதம் 2014 மே முதல் அமலுக்கு வந்தது. உங்கள் பாக்கெட்டில் இருக்கிற போன் காரீயமில்லாத சால்டரில் நிற்பதுதான். எத்தனை முறை கீழே போட்டிருப்பீர்கள்?

ஓரம்கட்டப்பட்ட பிஸ்மத்தும் திரும்பி வந்துவிட்டது. காரீயம் ஊரைவிட்டுப் போன பிறகு, கண்ணியும் போய்விட்டதல்லவா? 2017-ல் லெனோவோ நிறுவனம், லேப்டாப் போர்டுகளைப் பிஸ்மத் சேர்த்த குறைந்த சூட்டுச் சால்டரில் செய்வதாக அறிவித்தது. மின்சாரம் மிச்சம், மெல்லிய போர்டுகள் வளைவதும் குறைவு. இதில் ஒரு வேடிக்கை. பிஸ்மத் பெரும்பாலும் தனியாகத் தோண்டப்படுவதில்லை. காரீயத்தைச் சுத்திகரிக்கும்போது பக்கத்தில் கிடைக்கிற உபரிச் சரக்கு அது. மருமகளை அனுப்பிவிட்டு அவளுடைய தங்கையைக் கூட்டிவந்த மாதிரி.

செல்போன் ரிப்பேர்க் கடையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மேஜைமேல் சின்னச் சின்ன டப்பாக்களில் சால்டர் பசை இருக்கும். 138, 183, 217 என்று எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்கள். மூன்றும் உருகுகிற சூடு. தொழிற்சாலை போட்ட 217-ஐ எடுத்துவிட்டுக் கையால் ஒட்டும்போது பலர் 183-ஐயே விரும்புகிறார்கள். குறைந்த சூடு, சுலபமாக ஓடும், பக்கத்துச் சிப் தப்பிக்கும். ஏற்கெனவே ஒட்டியதைக் கலைக்காமல் மேலே இன்னொரு போர்டை ஒட்ட வேண்டுமா? 138. ஆனால் கீழே விழுந்தால் சட்டென்று விடும். காற்றோட்டமில்லாத கடையில் நாள் முழுக்க 183-ஓடு புழங்கிவிட்டு, அதே கையால் டீக்கடையில் வடை எடுத்துச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை டப்பாவில் யாரும் எழுதுவதில்லை. காரீயம் புகையாகப் போவதைவிட, கையில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் அதிகம். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எந்த ஐரோப்பியச் சட்டத்தைவிடவும் மலிவு.

மூன்று எண்கள், மூன்று பேரம். சூடு குறைய வேண்டும், உறுதி குறையக்கூடாது, விஷம் இருக்கக்கூடாது, விலை ஏறக்கூடாது, மீசையும் முளைக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே துளியில் கேட்டால் கிடைக்காது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நம் பாட்டிகள் சொன்னது சால்டரைப் பற்றித்தானோ என்னவோ.